சக்களத்தியின் உடைந்த கண்

என் வீட்டுக்காரருக்கு இரண்டு பெண்டாட்டிகள் என்று எங்கள் ஊரில் ஒரு கேலி இருந்தது. மூத்தவள் நான். இளையவள் கறுப்பு நிறம், நாலு சக்கரம், முன்னால் இரண்டு பெரிய கண்கள். கைப்பிடியைச் செருகிச் சுற்றினால்தான் இருமிக்கொண்டு எழுந்திருப்பாள். மலைமேல் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன பழைய கார் அது. சொந்தக் காரை அப்போது எங்கள் பக்கம் பிளஷர் என்றுதான் சொல்வார்கள். எங்களுக்குக் கொஞ்சம் நஞ்சையும், மலையில் ஒரு துண்டு ஏலத் தோட்டமும் இருந்தன. அந்த வருடம் ஏலக்காய் நல்ல விலைக்குப் போனது. எல்லாரும் பெண்டாட்டிக்கு நகை செய்து போட்டார்கள். இவர் போய்ப் பிளஷர் வாங்கிக்கொண்டு வந்தார். ஜெர்மன் சண்டைக் காலத்துக்குச் சில வருடங்கள் முன்னால், எங்களுக்குக் கல்யாணமாகி மூன்றாம் வருடம்.

சக்களத்தி என்று முதலில் சொன்னது பக்கத்து வீட்டுக்காரி. கிணற்றடியில் வைத்து, "என்னத்தா, ஒஞ் சக்களத்தி குளிச்சாச்சா?" என்று கேட்டாள். நானும் சிரித்தேன். ஆனால் அவரும் அதை 'அவ' என்றுதான் சொல்வார் என்பதைக் கவனித்த நாளிலிருந்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அவளுக்குத் தாகம் எடுத்திருச்சு, ஒரு செம்பு தண்ணி கொண்டா" என்பார். அவளுடைய மூக்குக்கு மேலிருக்கும் மூடியைத் திறந்து தண்ணீரை ஊற்றுவார். கிணற்றிலிருந்து நான் இடுப்பொடியச் சுமந்து வந்த தண்ணீர். நான் தாகமாக இருக்கிறேனா என்று அந்த மனிதர் ஒருநாளும் கேட்டதில்லை.

எங்கள் தெருவுக்குள் அவள் நுழையமாட்டாள். தெரு குறுகல், இரண்டு பக்கமும் சாக்கடை. அதனால் தெரு முக்கில், உத்தமபாளையத்திலிருந்து கம்பம் போகிற ரோட்டோரம், புளியமரத்தடியில் நிற்பாள். விடிந்ததும் அவர் அங்கே போய்விடுவார். துடைப்பார், நான்கு பக்கமும் சுற்றிப் பார்ப்பார், தள்ளி நின்று பார்ப்பார். துடைப்பதற்கு மெல்லிய துணி வேண்டுமாம். என் அம்மா மதுரையிலிருந்து வாங்கி வந்து கொடுத்த சுங்குடிச் சேலை ஒன்று இருந்தது. துவைக்கத் துவைக்கப் பூப்போல ஆகியிருந்தது. ஒருநாள் கொடியில் அதைக் காணோம். போய்ப் பார்த்தால் நான்கு துண்டாகக் கிழிபட்டு அவள் முதுகில் ஓடிக்கொண்டிருக்கிறது. "வேற துணி போட்டா கீறல் விழுந்துரும்" என்றார். என் நெஞ்சில் விழுந்த கீறலைப் பற்றி யாரிடம் சொல்ல?

முதல் தடவை என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு கம்பத்துக்குப் போனார். பின் ஸீட்டில்தான். பெண்பிள்ளைகள் முன்னால் உட்கார்ந்தால் ஊர் சிரிக்கும் என்று அவரே சொல்லிவிட்டார். தலை நிறைய எண்ணெய் வைத்துப் பின்னி, பூ வைத்துப் பெருமையாகச் சாய்ந்து உட்கார்ந்து போனேன். இறங்கினதும் அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் சாய்ந்திருந்த இடத்தைப் பார்த்தார். தோலில் எண்ணெய்க் கறை. தோளில் கிடந்த துண்டை எடுத்துத் துடைத்தார். அடுத்த தடவையிலிருந்து எனக்கென்று ஒரு பழைய துண்டை அங்கே விரித்துப் போட்டிருப்பார். அதன்மேல்தான் நான் தலையைச் சாய்க்க வேண்டும். பந்தியில் எனக்கு மட்டும் தள்ளி இலை போட்ட மாதிரி இருந்தது.

இதெல்லாம் சின்ன விஷயம் என்று தோன்றலாம். எனக்குக் காய்ச்சல் வந்து படுத்திருந்தபோது மழை இரைந்தது. 'ஐயோ' என்று அவர் எழுந்து ஓடினார். எனக்குக் கஷாயம் வைக்கத்தான் ஓடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். தார்ப்பாயை எடுத்துக்கொண்டு புளியமரத்துக்கு ஓடினார். வயிறு எரிந்தது. காய்ச்சல்கூட அந்த எரிச்சலில் எனக்குத் தெரியவில்லை.

இப்படி மூன்று வருடம் ஓடின பிறகுதான் அந்த ஆடி மாதம் வந்தது. எங்கள் பள்ளத்தாக்கில் ஆடிக் காற்று மேற்கே மலை இடுக்கு வழியாக இறங்கி வரும். காயப்போட்ட துணியை அடுத்த ஊரில் போய்த்தான் எடுக்க வேண்டும். ரோட்டுப் புழுதி எழும்பினால் எதிரே வருவது மாடா மனிதனா என்று தெரியாது. அப்படி ஒரு நடுப்பகல். அவர் வயலில் இருந்தார். நான் கொல்லையில் தனியாக நெல் குத்திக்கொண்டிருந்தேன். எனக்கு எதுவும் கேட்கவில்லை. முன்வீட்டில் இருந்தவர்களுக்கு ரோட்டுப் பக்கம் 'டமால்' என்று ஒரு சத்தமும் பிறகு ஏதோ மோட்டார் போகிற இரைச்சலும் கேட்டதாம். கூடலூர்ப் பக்கமிருந்து சரக்கேற்றிக்கொண்டு தேனி ரயிலடிக்குப் போகிற லாரிகள் அந்த நேரத்தில் ஒன்றிரண்டு போகும். யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

அவர் வயலிலிருந்து வந்து பார்த்தபோது அவளுடைய இடது கண் உடைந்து கிடந்தது. கண்ணாடி சுக்குநூறாகக் கீழே கொட்டியிருந்தது. விளக்குக்குப் பக்கத்தில் சக்கரத்தை மூடியிருக்கும் மட்கார்டில் உள்ளங்கை அளவு பள்ளம், பெயிண்டு உரிந்து தகரம் தெரிந்தது. மற்றபடி ஒன்றுமில்லை. ஓடும், நிற்கும், எப்போதும் போல இருமும். காற்று புழுதியை வாரிப் போட்டிருந்ததால் சக்கரத் தடமும் இல்லை.

சந்தோஷமாக இருந்தது எனக்கு. மறைப்பானேன், நல்ல சந்தோஷம். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். பார்த்தவர்கள் நான் அழுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் அந்தச் சந்தோஷம் சாயங்காலம் வரைகூட நிற்கவில்லை. அவர் சோறு வேண்டாம் என்றுவிட்டார். என் காய்ச்சலின்போது ஒரு வேளைகூடத் தவறாமல் சாப்பிட்ட மனிதர், ஒரு கண்ணாடி உடைந்ததற்குப் பட்டினி கிடக்கிறார்! அவளுக்கு அடிபட்டதில் எனக்குக் கிடைத்தது இதுதான். அவள் நன்றாக இருந்தபோதுகூட இவ்வளவு பிரியத்தை நான் அவர் முகத்தில் பார்த்ததில்லை.

மறுநாள் புளியமரத்தடியில் ஊர் கூடிவிட்டது. என்ன செய்வது என்று ஆளுக்கொரு யோசனை. நான் குடத்தோடு போகிறமாதிரி நின்று கேட்டேன்.

"பாளையம் போலீஸ் ஸ்டேசன்ல எழுதி வச்சிருவோம்" என்றார் ஒருவர்.

"எழுதி வச்சா வண்டியை அங்கன கொண்டாந்து நிறுத்தச் சொல்லுவாக. எப்பத் திரும்பி வருமோ" என்றார் இன்னொருவர். அவள் வேறொரு வாசலில் நிற்பதை நினைத்துப் பார்த்ததுமே என் வீட்டுக்காரர் முகம் செத்துவிட்டது. ஸ்டேஷன் பேச்சு அதோடு முடிந்தது.

கொல்லுப்பட்டறை ஆசாரி வந்து பள்ளத்தைத் தட்டிப் பார்த்தார். "கழட்டிக் குடுங்க. ஏர்க் கொழுவையே தட்டி நிமித்துறேன், இந்தத் தகரம் எம்மாத்திரம்?" என்றார். என் வீட்டுக்காரர் சட்டென்று மட்கார்டின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டார். மதுரைக்குக் கொண்டுபோனால் புதுசு மாதிரி ஆக்கித் தருவார்கள் என்று ஒரு பேச்சு. அங்கே போய் வந்தால் நாள் ஆகும் என்று ஒரு பேச்சு.

அவருக்குப் பெரியப்பா முறையில் ஒருவர் இருந்தார். "எதுக்குடா இம்புட்டு ஆட்டம்? கண்ணு பட்டிருந்துச்சு, கழிஞ்சிருச்சு. ஒரு பூசணிக்காயைச் சுத்தி ஒடைச்சிட்டுப் பேசாம இரு" என்றார். கண் பட்டது என்றதும் அங்கே நின்ற அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். முதுகுக்குப் பின்னால் சிரிப்புக் கேட்டது.

அவர் யார் சொன்னதையும் கேட்கவில்லை. "பள்ளத்தை நிமித்தலாம், கண்ணாடி போடலாம். அது பெறகு. இடிச்சவன் நிறுத்தி ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருந்தா விட்டிருப்பேன். ஓடிட்டான்ல? கருப்பன்கிட்டக் காசு வெட்டிப் போடப் போறேன். வெள்ளிக்கிழமை காலையில. எல்லாரும் கேட்டுக்கங்க" என்று சத்தமாகச் சொல்லிவிட்டார்.

காசு வெட்டிப் போடுவது என்றால் எங்கள் பக்கம் குலை நடுங்கும். திருட்டுப் போய்விட்டது, செய்தவன் யாரென்று தெரியவில்லை என்றால் கடைசியாகச் செய்வது அது. ஊர் எல்லையில் இருக்கும் கருப்பசாமி முன்னால் ஒரு செப்புக் காசைக் கல்லின்மேல் வைத்து, உளியால் இரண்டாக வெட்டி, செய்தவன் குடும்பம் இந்தக் காசு மாதிரிப் போகட்டும் என்று சொல்லிப் போட்டுவிட்டு வந்துவிடுவார்கள். போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது. செய்தவனோடு நிற்காது, அவன் பிள்ளைகுட்டியையும் பிடிக்கும் என்று நாங்கள் நம்பினோம். அதனால்தான் வெட்டுவதற்கு முன்னால் ஊரறியச் சொல்லிவிட வேண்டும் என்று வழக்கம். அதற்குள் யாராவது ஒப்புக்கொண்டால் சாமிக்கு ஒரு தேங்காயை உடைத்துவிட்டு விட்டுவிடலாம்.

அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. போன சித்திரையில் வீரபாண்டித் திருவிழாக் கூட்டத்தில் என் காதுக் கம்மலை எவளோ அறுத்துக்கொண்டு போய்விட்டாள். காது கிழிந்து ரத்தம். அழுதுகொண்டே வந்து இவரிடம் சொன்னேன். கருப்பனிடம் காசு வெட்டிப் போடுங்கள் என்று கெஞ்சினேன். "ஒரு கம்மலுக்கு ஒருத்தி குடும்பத்தை அழிக்கணுமா? வேற செஞ்சு போட்டாப் போச்சு" என்றார். எவ்வளவு நல்ல மனசு என்று அப்போது நினைத்துக்கொண்டேன். இப்போது அல்லவா தெரிகிறது அந்த நல்ல மனசு! என் காது கிழிந்தால் திருடிக்கு இரக்கம், அவள் கண் உடைந்தால் ஒருவன் வம்சத்துக்கே உலை.

"எங் கம்மலுக்கு வெட்டாத காசை அந்தத் தகர டப்பாவுக்கு எதுக்கு வெட்டணும்?" என்று வாசலிலேயே கேட்டேன்.

"கம்மல் கூட்ட நெரிசல்ல போச்சு. இவளை நிக்க வச்சு இடிச்சிருக்கான். ரெண்டும் ஒண்ணா?" என்றார்.

"ஒண்ணு இல்லதான். அவ ஒசத்தி, நான் மட்டம்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு புளியமரத்துக்குப் போய்விட்டார். இல்லை என்றாவது சொல்லியிருக்கலாம்.

வியாழக்கிழமை மத்தியானம் கொல்லைப் படலைத் திறந்துகொண்டு என் தம்பி வந்தான். அவன் லாரி டிரைவர். ஐந்து வருடம் கிளீனராகக் கிடந்து அந்த வருடம்தான் ஸ்டீரிங்கைப் பிடித்திருந்தான். லாரி முதலாளி கம்பத்துக்காரர். என் வீட்டுக்காரருக்கு நல்ல சினேகம். எப்போதும் வாசல் வழியாக 'மச்சான்' என்று சத்தம் கொடுத்துக்கொண்டு வருகிறவன், அன்றைக்குத் திருடனைப் போலப் பின்பக்கமாக வந்து மாட்டுக் காடித் தொட்டிப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அக்கா, மச்சான் காசு வெட்டப் போறாகளாமே?"

"ஆமா. ஆசைப் பொண்டாட்டியை எவனோ இடிச்சுப்புட்டான்ல, சும்மா விடுவாகளா?"

அவன் சிரிக்கவில்லை. "வேணாம்னு சொல்லுக்கா" என்றான்.

"நீ வேணா சொல்லிப் பாரு. நான் சொல்லி அந்த மனுசன் எதைக் கேட்டாக?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "இடிச்சது நாந்தாங்க்கா."

கண்ணில் புழுதி அடித்ததாம். குறுக்கே மாடு ஒன்று வந்ததாம். ஓரமாக ஒடித்திருக்கிறான். லாரியின் பக்கப்பலகை முனை போய் அவளுடைய கண்ணில் இறங்கிவிட்டது. "நிறுத்தத்தான் நெனச்சேன். மச்சான் வண்டின்னு பாத்ததும் காலு நிக்கல. மிதிச்சிட்டேன்" என்றான். 'நல்லா இடிச்சடா எஞ் சிங்கமே' என்று என் வாய்வரை வந்துவிட்டது. அவன் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

"அவளுக்கு ஏழு மாசம்க்கா" என்றான். அவன் பெண்டாட்டியைச் சொன்னான். அதற்கு முன்னால் இரண்டு தங்காமல் போயிருந்தன. இந்தத் தடவைதான் இத்தனை மாதம் நின்றிருந்தது. "காசு வெட்டுறாகன்னு எங்க ஊர்ப் பக்கமும் பேச்சு வந்திருச்சு. ஆரு பெத்த பிள்ளையோ, அவம் புள்ளகுட்டி என்னாகுமோன்னு அவ நேத்தெல்லாம் ஒரே பொலம்பல். எங்கிட்டயே பொலம்புறா. நான் எங்குட்டுப் போய் முட்ட?"

"மச்சான்கிட்டச் சொல்லீரு."

"சொன்னா பொழுது எறங்கும் முன்ன மொதலாளிக்குத் தெரிஞ்சிரும்க்கா. ஒரு கீறல் விழுந்தாலும் வீட்டுக்குப் போயிரணும்னு சொல்லித்தான் வண்டியக் குடுத்தாக."

அது உண்மைதான். கார் சங்கதி எதுவும் என் வீட்டுக்காரர் வாயில் தங்காது. சத்தியம் வாங்கிக்கொண்டு சொன்னாலும், யாரிடமும் சொல்லாதே என்று ஊரெல்லாம் சொல்லிவிடுவார். அதைவிட எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. என் தம்பி லாரியை என்மேல் ஏற்றியிருந்தால் 'தெரியாமச் செஞ்சுட்டான், விடு' என்று மன்னித்துவிடுவார். அவள்மேல் ஏற்றியதற்கு மன்னிப்பாரா? எனக்குத் தெரியவில்லை. தெரியாத ஒன்றின்மேல் ஒரு பிள்ளையின் உயிரை வைக்க நான் தயாராக இல்லை.

"கஞ்சி குடிச்சிட்டுப் போடா. நான் பாத்துக்கிறேன்" என்றேன். எப்படிப் பார்த்துக்கொள்வேன் என்று எனக்கே தெரியாது. அவன் குடிக்காமலே போனான்.

சாயங்காலம் அவரிடம் நயமாகப் பேசிப் பார்த்தேன். எவனாவது பிள்ளைகுட்டிக்காரனாக இருக்கும், பயந்து ஓடியிருப்பான் என்றேன். "பயப்படுறவன் நிறுத்தட்டும்" என்றார். பெரியப்பா சொன்னபடி பூசணிக்காய் உடைப்போம் என்றேன். "நீ எப்பயிருந்து அவளுக்காகப் பேச ஆரம்பிச்ச?" என்று கேட்டார். அதற்குமேல் என்ன பேச?

வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டு வந்தார். ஆசாரியிடம் வாங்கி வந்த உளி திண்ணைமேல் இருந்தது. காசை மஞ்சள் துணியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டார். தெருவில் நான்கைந்து பேர் கூடப் போவதற்குக் காத்திருந்தார்கள். நான் வாசல்படியில் குறுக்கே நின்றேன்.

"காசு வெட்ட வேணாம்."

"நேரமாச்சு. தள்ளு."

"இடிச்சது நான்."

அவருக்குப் புரியவில்லை. "எதை?"

"உங்க வண்டியத்தான். நெல்லுக் குத்திக்கிட்டு இருந்தேன்ல அன்னைக்கு? அந்த ஒலக்கையத் தூக்கிட்டுப் போயி அடிச்சேன். லாரி போன சத்தத்துல ஆருக்கும் வித்தியாசம் தெரியல."

இந்த யோசனை எனக்கு எப்போது வந்தது என்று கேட்டால் தெரியாது. வாயைத் திறந்தபோதுதான் வந்தது. கருப்பன் முன்னால் நான் பொய் சொல்லவில்லை. புருஷன் முன்னால்தான் சொன்னேன். அது அவ்வளவு பெரிய பாவமாக எனக்குப் படவில்லை. அவர் நம்பமாட்டார் என்றுதான் பயந்தேன். 'போடி பைத்தியக்காரி, நீயாவது அடிக்கிறதாவது' என்று என்னைத் தள்ளிவிட்டுப் போய்விடுவார், வேறு என்ன சொல்லி மறிப்பது என்று மனசு ஓடிக்கொண்டிருந்தது.

அவர் உடனே நம்பிவிட்டார். துளிச் சந்தேகம் இல்லை. வெளியே நின்றவர்களும் நம்பிவிட்டார்கள். "நான் அப்பவே நெனச்சேன்" என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னது காதில் விழுந்தது.

கொல்லைக்குப் போய் உலக்கையை எடுத்துக்கொண்டு புளியமரத்துக்கு நடந்தார். பின்னாலேயே நானும் போனேன். தெருவே போனது. உலக்கையின் இரும்புப் பூணை மட்கார்டின் பள்ளத்தில் வைத்துப் பார்த்தார். ஏறக்குறையச் சரியாக உட்கார்ந்தது. எனக்கே ஒரு நிமிடம், ஒருவேளை அடித்துவிட்டோமோ என்று இருந்தது.

"ஏன்?" என்று கேட்டார். அடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். அடித்தால் அடிக்கட்டும் என்று இருந்தது.

"எனக்கு அவளைப் புடிக்கல" என்றேன். அதற்குப் பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. சேலையைச் சொன்னேன். எண்ணெய்த் துண்டைச் சொன்னேன். தார்ப்பாயைச் சொன்னேன். நான் சுமந்த தண்ணீரை அவள் குடித்ததைச் சொன்னேன். காலையில் கண் விழித்தால் நீங்கள் பக்கத்தில் இல்லை, அவளிடம் இருக்கிறீர்கள் என்று அத்தனை பேர் நடுவில் சொன்னேன். மூன்று வருடம் வயிற்றுக்குள் வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. உலக்கையைத் தவிர நான் சொன்னது அத்தனையும் சத்தியம்.

அவர் காரின் படிப்பலகையில் மெல்ல உட்கார்ந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். பெண் பார்க்க வந்த அன்றுகூட அப்படிப் பார்க்கவில்லை.

"இம்புட்டு ஆசையா எம்மேல?" என்றார்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். உளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரு தேங்காயை எடுத்துக்கொண்டு போய்க் கருப்பனுக்கு உடைத்துவிட்டு வந்து, என் நெற்றியில் தன் கையாலேயே திருநீறு பூசினார். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். தம்பி பிள்ளை பிழைத்தது என்ற நிம்மதியா, இந்தக் கை இத்தனை நாள் எங்கே இருந்தது என்ற கோபமா, பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

கண்ணாடியை மட்டும் மதுரையிலிருந்து வரவழைத்துப் போட்டார். கண் இல்லாமல் இருட்டில் ஓட்ட முடியாது. பள்ளத்தைத் தட்ட விடவில்லை. ஆசாரி இரண்டு தடவை வந்து கேட்டார். "அது கெடக்கட்டும்" என்றுவிட்டார். பார்க்கிறவர்கள் எல்லாரும் 'என்ன இது' என்று கேட்பார்கள். அதற்காகவே காத்திருப்பார். "எம் பொண்டாட்டி ஒலக்கையால போட்டது. எம்மேல அம்புட்டு ஆசை அவளுக்கு. இந்தப் பிளஷரைக்கூடப் பொறுக்கலைன்னா பாத்துக்கங்களேன்" என்பார். தாலுகா ஆபீசில் சொன்னார், சந்தையில் சொன்னார், லாரி முதலாளியிடமும் சொன்னார். முதலாளி என் தம்பியைக் கூப்பிட்டு, "ஒங்கக்கா பெரிய ஆளுப்பா" என்றாராம். தம்பி 'ஆமாங்கய்யா' என்று சொல்லிவிட்டு லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டானாம்.

ஐப்பசியில் அவனுக்குப் பெண் பிறந்தது. முழு மாதப் பிள்ளை, அழுதால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். பார்க்கப் போனபோது நான் காரில் முன் ஸீட்டில் உட்கார்ந்து போனேன். ஊர் சிரித்தால் சிரிக்கட்டும் என்றார் அவர். துண்டும் விரிக்கவில்லை. எண்ணெய் பட்டால் படட்டுமாம். என் தம்பி எங்களை வழியனுப்ப வந்தவன் காரின் இடதுபக்கம் வரவே இல்லை. வலதுபக்கமாக நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு, "போயிட்டு வாங்க மச்சான்" என்றான்.

நான் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. முதல் கொஞ்ச காலம் ராணி மாதிரித்தான் இருந்தேன். பிறகுதான் மெல்ல மெல்ல ஒன்று உறைக்க ஆரம்பித்தது.

ஒருநாள் காலையில் புளியமரத்துப் பக்கம் போனேன். நான் வந்தது அவருக்குத் தெரியாது. பெயிண்டு போன இடத்தில் துருப்பிடிக்காமல் இருப்பதற்காக அந்தப் பள்ளத்தில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். ஒரு விரலால், சின்னப் பிள்ளைக்குத் தடவுவது மாதிரி, தனக்குள் சிரித்துக்கொண்டு. காரைப் பார்த்து அவர் அப்படிச் சிரித்ததில்லை. என்னைப் பார்த்தும் சிரித்ததில்லை. அவர் நினைத்துக்கொண்டிருந்தது யாரை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உச்சி வெயிலில், புழுதிக் காற்றில், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, உலக்கையைத் தலைக்குமேல் தூக்கி வந்தாளே, அவளை.

பற்றிக்கொண்டு எரிந்தது எனக்கு. கார்மேல் பொறாமைப்பட்டதெல்லாம் ஒன்றுமே இல்லை. காரையாவது திட்டலாம், ஓங்கி ஒரு மிதி மிதிக்கலாம். இவளை நான் என்ன செய்ய? என்னைவிடத் தைரியக்காரி. என்னைவிட அவர்மேல் ஆசைக்காரி. நான் நெல் குத்திக்கொண்டே வயிறெரிந்து கொண்டிருந்தபோது அவள் போய் அடித்துவிட்டு வந்துவிட்டாள்.

சொல்லிவிடலாம் என்று ஒருநாள் கிளம்பினேன். கம்பம் ரோட்டில், முன் ஸீட்டில். "ஒன்னையப் பாத்தா எனக்கு இப்பல்லாம் கொஞ்சம் பயம்டீ" என்றார் அவர், ஆசையாக. 'அது நானில்லை' என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால் தம்பிக்கு வேலை போய்விடும். மூடிக்கொண்டேன். பிற்பாடு தம்பி சொந்தமாகவே ஒரு பழைய லாரி வாங்கினான். அப்போதும் நான் சொல்லவில்லை. சொன்னால் அந்த உலக்கைக்காரி போய்விடுவாள். அவள் போனால் அவளுக்காகக் கிடைத்த இந்த இடத்தில் நான் எப்படி உட்கார?

சண்டை வந்து பெட்ரோல் கிடைக்காமல் போனதும் காரை விற்றுவிட்டார். பள்ளமும் அதோடு போனது. உலக்கைக்காரி போகவில்லை. பேரன் பேத்தி எடுத்த பிறகும், வந்தவர்களுக்கெல்லாம் என்னைக் காட்டி, "இவ அன்னைக்கு ஒலக்கையத் தூக்கினா பாருங்க" என்று ஆரம்பிப்பார். கண்கள் என்மேல்தான் இருக்கும். நானும் தலையைக் குனிந்து சிரித்துக்கொள்வேன். கடைசிவரை அவர் அந்தப் பொம்பளையோடுதான் குடும்பம் நடத்தினார். நான் பக்கத்தில் இருந்தேன்.